வெர்னாவின் குரல்

வாக்கி-டாக்கியில் தன் குரலையே கேட்டபோது வெர்னா அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வடக்குக் குளியலறை வேலை முடிஞ்சுது மரீட். குழாயெல்லாம் வடிச்சாச்சு," என்றது குரல். அவளுடையதேதான், பேசி முடித்ததும் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொள்ளும் வழக்கம் உட்பட. வாக்கி-டாக்கி மேசையின் மறுமுனையில் கிடந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.

வாசல் சாவடியிலிருந்து புது மேலாளர் மரீட் நன்றி சொன்னாள். தான் கேட்பதற்கு முன்பே முடித்துவிட்டீர்களே என்று வியந்தாள்.

அக்டோபர் கடைசி. கூடாரம் போட வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில், வடகோடியில் ஓர் ஏரியை ஒட்டி இருந்த அந்த மாநிலப் பூங்காவில், உறைபனி இறங்குமுன் குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். பதினான்கு வருடமாக அந்த வேலை உதவி மேலாளர் வெர்னாவுடையது. வடக்குக் குளியலறைக்கு அவள் அன்று மாலைதான் போவதாக இருந்தாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். தண்ணீர் அடைக்கப்பட்டிருந்தது. குழாய்கள் வடிக்கப்பட்டிருந்தன. கதவில் தொங்கிய தாளில் அவள் கையெழுத்து, அன்றைய தேதியோடு. சிமெண்டுத் தரை மட்டும் ஈரமாக இருந்தது. குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீர், அதற்கு வாசனை கிடையாது. இந்த ஈரத்திலோ பாசியும் துருவும் அழுகிய நாணலும் கலந்த, ஏரியின் அடிமண்ணைக் கிளறினால் எழுகிற நாற்றம் இருந்தது. வண்டிக்குத் திரும்பிக் கதவைச் சாத்திய பிறகும் அது அவள் கைகளை விட்டுப் போகவில்லை.

மரீட்டிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பழைய மேலாளர் ஓய்வு பெற்றபோது அந்த இடம் வெர்னாவுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். வந்து சேர்ந்ததோ மரீட். முப்பத்தொரு வயது, தலைநகர அலுவலகத்திலிருந்து நேராக. வாசல் பலகையில் மரீட்டின் பெயரை எழுதிய அன்று, பராமரிப்பு வேலை செய்யும் ஆர்வோ ஏணிமேல் நின்றபடி, "உன் பேருக்குத்தான் இடம் விட்டு வச்சிருக்காங்கன்னு நெனச்சேன் வெர்னா. பழகின பேரு, தப்பில்லாம எழுதியிருப்பேன்," என்றார். அவளும் சிரித்தாள். அன்றிரவு தூங்கவில்லை. மரீட் நல்லவளாக இருந்ததுதான் தாங்க முடியாததாக இருந்தது. வருகிறவர்களின் நாய்களின் பெயர்கூட அவளுக்கு நினைவிருந்தது. தொலைபேசியை எடுத்தால் அவள் கைக்குப் பூசும் களிம்பின் வாசனை வரும். வெர்னா அதைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுத்தான் பேசுவாள்.

மறுநாள் ஆர்வோவின் எதிரிலேயே மரீட் அவளைப் பாராட்டினாள். செய்யாத வேலைக்கு வந்த பாராட்டு. வெர்னா அதை வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் குரல் தினமும் வந்தது. பிற்பகல் மூன்றரை வாக்கில், சூரியன் மரங்களுக்குப் பின்னால் சாய்ந்து ஏரி சாம்பல் நிறமாகும் நேரத்தில், முதலில் ஒரு கரகரப்பு, பிறகு நீருக்குள் யாரோ மெல்ல மூச்சு விடுவதுபோல் ஓர் ஓசை, பிறகு அவள் குரல். மரீட்டிடம் மட்டுமே பேசியது. முதலில் வேலை. பிறகு மற்றதெல்லாம். ஆரம்பத்தில் முகம் கொடுக்காமல் நடந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்டது. இந்தக் காட்டில் முதல் குளிர்காலம் யாருக்கும் கஷ்டம்தான் என்றது. மரீட் தன் அம்மாவின் நோயைப் பற்றிச் சொன்னாள், ஒருமுறை அழக்கூட அழுதாள். பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெர்னா கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து சேர்ந்த இந்த ஒரு மாதத்தில் மரீட் அவளிடம் நேரில் இப்படிப் பேசியதில்லை. பேச அவள் விட்டதில்லை. இப்போதோ அந்தப் பெண்ணும் தன் குரலும் சேர்ந்து சிரிக்கிறார்கள், நடுவே தனக்கு இடமில்லை. யார்மேல் பொறாமைப்படுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல், அது பேசும்போதே பொத்தானை அழுத்தினாள். குரல் நின்றது. அவள் வாய் திறக்கவில்லை. மறுமுனையில் அதுவும் காத்திருந்தது. அவள் விரலை எடுத்ததும், விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தது.

நவம்பர் இரண்டாம் வாரம் ஏரியைப் பனிக்கட்டி மூடியது. அன்று காலை வெர்னா கரையோரம் துளையிட்டு அளந்தாள். ஓர் அங்குலம். நான்கு அங்குலம் வரும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகைகளை ஆர்வோ நட்டார். மரீட்டுக்கு ஏரி புதிது. பனிக்கட்டி விஷயத்தில் வெர்னா சொல்வதே முடிவு என்று அவளே எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

மூன்றரை மணி. கரகரப்பு.

"மரீட், வடக்குக் கரைக்கு வாங்க. மான்குட்டி ஒண்ணு பனிக்கட்டியில சறுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாம கெடக்கு. நான் அதுகிட்டதான் நிக்கறேன். நல்லாத் தாங்குது. பயப்படாம வாங்க."

தொண்டையைச் செருமியது.

"வர்றேன். நீங்க அங்கயே இருங்க வெர்னா," என்றாள் மரீட்.

வெர்னாவின் கட்டைவிரல் பொத்தானின்மேல் இருந்தது. அது நான் இல்லை. மூன்றே மூன்று சொற்கள். அடுத்த கோடையில் வாசல் பலகையில் வேறு பெயர் எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். நினைத்தது ஒரு நொடிதான். அதற்குள் விரல் விலகிவிட்டது.

எழுந்துபோய்க் காபிக் கோப்பையைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடியும் கழுவினாள்.

பதினோரு நிமிடம் கழித்துப் பொத்தானை அழுத்தி, "மரீட்?" என்றாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள், கத்தினாள். பிறகு மீட்பு ஏணியை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு விரைந்தாள்.

வடக்குக் கரையில் மான் இல்லை. மெல்லிய பனித்தூள் போர்த்திய ஏரி, கரையிலிருந்து புறப்பட்டு நேராகப் போகும் ஒரே ஒரு ஜோடி காலடித் தடம். நாற்பது அடி. அங்கே நின்றுவிட்டது. திரும்பி வரவில்லை. ஓட்டை இல்லை. விரிசல்கூட இல்லை.

ஏணியைப் படுக்க வைத்து, அதன்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்தாள். கீழே பனிக்கட்டி முனகியது. ஒவ்வோர் அடிக்கும் முனகியது. பாசி நாற்றம். துரு நாற்றம். காற்றில்லை. பறவையில்லை.

கடைசித் தடம்.

இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"வெர்னா, நீங்க வந்துட்டீங்களா?"

மரீட்டின் குரல். தெளிவாக. நிதானமாக. சற்றே சந்தோஷமாகக்கூட.

"எங்க இருக்கீங்க?" வெர்னா வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"இங்கதான். பனியக் கொஞ்சம் தள்ளிப் பாருங்க."

கையுறையால் பனித்தூளைத் தள்ளினாள்.

மரீட்டின் முகம் கீழே இருந்தது. பனிக்கட்டியோடு ஒட்டி. கண்கள் திறந்து. கூந்தல் மெல்ல ஆடியது. உதடுகள் அசைந்தன.

"ஏன் சொல்லல வெர்னா?" என்றது வாக்கி-டாக்கி. உதடுகள் அந்தச் சொற்களோடு அசைந்தன. கோபமில்லாத குரல்.

மரீட்டின் தோளைச் சுற்றி ஒரு கை இருந்தது. பச்சைச் சீருடைச் சட்டையின் கை.

பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். கை தானாகத் தள்ளியது. இன்னும் கொஞ்சம் பனித்தூள்.

அவளுடைய சொந்த முகம். அவளுடைய சட்டை. நெஞ்சில் அவள் பெயர். மரீட்டின் கன்னத்தோடு கன்னம் வைத்து, குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு, அது வெர்னாவை அண்ணாந்து பார்த்தது. மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டது.

பிறகு மறு கையை விரித்து, பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில், வெர்னாவின் உள்ளங்கைக்கு நேர் கீழே, பதித்தது.