பொன்னி வந்தால்

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் பழைய வீடு ஒன்றில் சந்திரகலா டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்தது எண்பத்தேழாம் வருஷம், கார்த்திகை மாதம். வீட்டில் சும்மா இருந்தால் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று கணவன் தசரதன்தான் கொண்டுவந்து விட்டான். ஒரே மகள் பொன்னி கிணற்றில் விழுந்து செத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

வீட்டுக்குள் சுண்ணாம்பும் ஈரமும் கலந்த வாடை. ஜன்னல் சாத்திய கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதற்குத் தமிழ் புரியவைப்பதுதான் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த ராமதாஸின் ஆராய்ச்சி. மனுஷன் பேசுவதே மனுஷனுக்குப் புரியாத ஊரில், அவர் பெட்டிக்குப் புரியவைக்கக் கிளம்பியிருந்தார்.

"நாம சொல்றது மட்டும்தாம்மா அதுக்குத் தெரியும். ஜாஸ்தியும் கிடையாது, கம்மியும் கிடையாது. சின்னச் சின்ன வாக்கியமா அடிங்க. புரிஞ்சா 'புரிந்தது'ன்னு சொல்லும். பாதியில விட்டா மீதியைக் கேக்கும்."

அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்து வராது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். சின்ன 'எல்' அடித்தால் 'ல்', பெரிய 'எல்' அடித்தால் 'ள்'. நம் ஆட்களுக்கே லகர ளகரம் தகராறு. பெட்டியைக் குறை சொல்லி என்ன பயன்?

மாடு புல் தின்றது, சரசு பூ வாங்கினாள் என்று ஒரு வாரம் அடித்தாள். பெட்டியும் புரிந்தது, புரிந்தது என்றது.

அன்று மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை. மலையே தெரியவில்லை. ராமதாஸ் மெட்ராசுக்குப் போன் பேசக் குடையோடு தபால் ஆபீசுக்குப் போனார். சாரல் அடிக்கிறதே என்று சந்திரகலா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

தனியாக உட்கார்ந்ததும் ஆசை வந்தது. பொய்தான். ஒரே ஒரு தடவை அதை எழுத்தில் பார்த்துவிட வேண்டும்.

பொன்னி வந்தாள் என்று அடித்தாள்.

அவசரத்தில் பெரிய 'எல்' விழவில்லை.

திரை கேட்டது: பொன்னி வந்தால் என்ன?

அவளுக்கு அழுகை பொங்கியது. அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. கதவைத் திறப்பேன் என்று அடித்தாள்.

புரிந்தது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் எதையும் தொடவில்லை. அடுத்த வரி தானாக வந்தது.

அன்று ஏன் திறக்கவில்லை?

அது தசரதனுக்குக்கூடத் தெரியாது. பாலைக் கொட்டிவிட்டாள் என்று பொன்னியை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டவள் இவள்தான். குழந்தை தட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் நிற்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பிறகு தட்டுவது நின்றது. விளையாடப் போயிருப்பாள் என்று நினைத்தாள். பாவி, அப்படித்தான் நினைத்தாள்.

திரையில் இன்னொரு வரி.

பொன்னி வந்தாள்.

இந்தத் தடவை பெரிய 'எல்'.

கதவு தட்டப்பட்டது.

இடுப்பு உயரத்தில், மெதுவாக, மூன்று தரம்.

"வந்துட்டேன்டி கண்ணு" என்று ஓடினாள். கால் இடறியது. தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள். வாசலில் மழையைத் தவிர ஒன்றுமில்லை. படியிறங்கி கேட் வரை போய்த் தேடினாள். "பொன்னி" என்று கூப்பிட்டாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"தொறடி. அம்மா தெரியாம பண்ணிட்டேன்டி. தொறடி பொன்னி." இரண்டு கையாலும் தட்டினாள். தட்டத் தட்டத்தான், வெளியே நின்று தட்டுவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

உள்ளே ஒரு விசை அழுந்தும் சத்தம். வெகு நேரம் கழித்து இன்னொன்று. எழுத்தைத் தேடித் தேடி ஒற்றை விரல் அடிப்பது போலிருந்தது.

ராமதாஸ் வந்தபோது அவள் தொப்பலாக நனைந்து கதவில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள்.

"உள்ள யாரும்மா?"

"எம்பொண்ணு சார்."

உள்ளே விசைச் சத்தம் அவருக்கும் கேட்டது. தோளால் இடித்தார். இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

கூடத்தில் யாரும் இல்லை. கொல்லைக் கதவில் அவர் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. விசைப்பலகை முழுக்கத் தண்ணீர். கிணற்றுப் பாசி வாடை. திரையில் பழைய வரிகள் எதுவும் இல்லை. இரண்டே வார்த்தைகள் இருந்தன.

அம்மா வந்தால்

"வந்தாள்னு அடிக்கப் போயி தப்பா அடிச்சிருக்கீங்க" என்றார் ராமதாஸ். சொல்லும்போதே ஈரப் பலகையிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

"அவ தப்பா அடிக்கல சார். மீதியை என்னைத்தான் கேக்கறா." சந்திரகலா நாற்காலியை நோக்கி நடந்தாள்.

அவர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை அணைந்து கூடம் இருண்டது. அவளுடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் திமிறவில்லை.

"கேளுங்க சார்," என்று கிசுகிசுத்தாள். "மீதியைச் சொல்றா."

இருட்டில் ஒரு விசை அழுந்தியது. பிறகு இன்னொன்று.