பிரிக்காத பெட்டி

கண்ணாடித்தாள் உள்பக்கமாக வேர்த்திருந்தது. மேலே விரல் வைத்துத் தேய்த்தால் போகவில்லை. திருமுருகன் பெட்டியை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தான், பிறகு மறுபக்கம் சாய்த்தான். தாளுக்கும் அட்டைக்கும் நடுவே ஆவி படிந்த ஒரு சின்ன வட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் படிந்தது.

ஏரிக்காற்று, என்று சொல்லிக்கொண்டான். பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த மூன்றாம் மாடி ஃப்ளாட், அதிலும் ஐப்பசி மழை. சுவரே வேர்க்கிறபோது பெட்டி வேர்க்காதா? ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வீட்டிலிருந்தே பார்க்கும் ஆபீஸ் வேலைக்குத் திரும்பினான்.

அவனைப் பிடித்திருந்த பைத்தியம் லேசுப்பட்டதல்ல. வந்த வேகத்தில் தியேட்டரை விட்டு ஓடிய பழைய படங்களுக்கென்று ஒரு சின்னக் கூட்டம் உயிரை விடும். அந்தக் கூட்டத்துக்காகவே யாராவது படச்சுருளைத் தேடியெடுத்துத் துடைத்து, கெட்டி அட்டைப் பெட்டியில் புளூரே வட்டாக, கொஞ்சமே கொஞ்சம் போட்டு விற்பார்கள். லிமிடெட் எடிஷன். திருமுருகன் எதையும் இரண்டாக வாங்குவான். ஒன்று பார்க்க, ஒன்று பிரிக்காமல் வைக்க. பிரித்தால் அது செத்துப்போச்சு என்பான். பெட்டி வந்ததும் முதல் வேலை, விளக்குக்கு நேரே சாய்த்து நான்கு மூலையும் பார்ப்பது. ஒரு மூலை நசுங்கியிருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் அவனிடம் வாய் கொடுக்க முடியாது.

தூசி வரும் என்று ஹாலில் ஒரு ஜன்னலையும் திறக்க விடமாட்டான். மகள் நிவேதிதாவுக்கு இளைப்பு. குழந்தைக்கு நல்ல காற்று வேண்டும் என்று டாக்டர் சொல்லி, மனைவி தேவிப்பிரியா அதை எத்தனையோ தடவை சொல்லி ஓய்ந்தாள். ஜன்னல்கள் மூடியேதான் இருந்தன. குழந்தை தன் இளைப்பு மருந்து பஃப்பை உறிஞ்சிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே விளையாடியது.

இந்த வேர்க்கிற பெட்டியைக் கொண்டுவந்த கூரியர் பையன் டில்லிபாபு அன்றைக்கே முகத்தைச் சுளித்தான். "இன்னா அண்ணாத்தே கீது இதுல? வண்டில வரசொல்லோ முதுகுல சூடா ஒட்டிக்கினே வந்துச்சு," என்றான். திருமுருகன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் கண் பெட்டியின் மூலைகளில் இருந்தது.

படத்தின் பெயர் 'நீர்வாசல் பங்களா'. அட்டையில் இருட்டுக்குள் ஒரு பங்களா, ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம். பார்ப்பதற்காகப் பிரித்த பெட்டியில் அந்த ஜன்னல் காலி. பிரிக்காத பெட்டியில், ஜன்னலுக்குள் தள்ளி, ஒரு பெண்ணும் அவள் இடுப்பில் ஒரு குழந்தையும் நின்றார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இவன் குதித்தான். அச்சில் வந்த வித்தியாசம்! இப்படி ஒன்று வேறு யாரிடமும் இருக்காது. உடனே போட்டோ எடுத்துக் கூட்டாளிகளின் குரூப்பில் போட்டான். "மாமே, உலகத்துலயே உன்கிட்ட மட்டுந்தான் கீது போல. செத்தாலும் பிரிக்காத," என்று குரூப்பிலிருந்த சரண் பதிலுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அதைத் திருமுருகன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

நாள் ஆக ஆக அந்தப் பெண் ஜன்னலை நெருங்கி வந்தாள். அவன் அதைக் கவனித்தான், கவனிக்கவில்லை என்று வைத்துக்கொண்டான். வேர்க்கிற வட்டம் ஜன்னலுக்கு நேரே வந்தது. பெரிய வட்டம் ஒன்று, அதன் பக்கத்தில் சின்ன வட்டம் ஒன்று. சின்னது வேகமாகப் படிந்து வேகமாக மறைந்தது. அந்த வேகம் அவனுக்குத் தெரியும். ராத்திரிகளில் பக்கத்துக் கட்டிலில் மகளின் மூச்சாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய வேகம்.

தேவிப்பிரியா ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டாள். பையைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க இது. அந்தக் குழந்தைக்கு மூச்சு முட்டுது. பிரிச்சிடுங்க."

அச்சுப் பிழை என்றான். அவள் கேட்கவில்லை. கையை நீட்டியபோது அவன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். மகளைக்கூட அவன் அப்படி அணைத்து அவள் பார்த்ததில்லை. அதைச் சொல்லியே காட்டிவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஏரி கண்ணுக்குத் தெரியாமல் சாம்பலாகக் கலங்கியது. வேலையை முடித்துவிட்டு எழுந்து வந்த திருமுருகன், நிவேதிதா அலமாரி முன்னால் நாற்காலி போட்டு ஏறி நிற்பதைப் பார்த்தான். அவள் கையில் அம்மாவின் ஊக்கு. கண்ணாடித்தாளில், ஜன்னலுக்கு நேரே, ஒரு பொத்தல். அந்தப் பொத்தலிலிருந்து ஈரச்சுவரும் பழைய துணியும் கலந்த நாற்றம் மெல்ல வந்துகொண்டிருந்தது.

"அந்தப் பாப்பாக்கு இளைக்குதுப்பா. காத்து வேணும்," என்றாள்.

திருமுருகன் அவளைத் தோளைப் பிடித்து இறக்கிய விதத்தில் குழந்தை சுவரில் மோதியது. அது அழுததுகூட அவன் கண்ணில் படவில்லை. பொத்தல்தான் பட்டது. உலகத்திலேயே ஒன்று, அதில் பொத்தல். புதுக் கண்ணாடித்தாள் சுருளை எடுத்தான். பெட்டியைச் சுற்றினான். ஓரங்களை ஒட்டினான். ஹேர் டிரையரைப் போட்டுச் சூடு காட்டினான். தாள் சுருங்கி இறுகியது. அட்டையில் அந்தப் பெண் இப்போது ஜன்னலோடு ஒட்டி நின்றாள், வாய் திறந்திருந்தது. குழந்தையின் உள்ளங்கை கண்ணாடியில் விரிந்து பதிந்திருந்தது. பார்த்தான். நன்றாகவே பார்த்தான். டிரையரைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனான், மூலையில் ஒரு சுருக்கம் மிச்சமிருந்தது.

சுருக்கம் போயிற்று. பெரிய வட்டம் படிந்தது, மறைந்தது. பிறகு படியவில்லை. சின்னது இன்னும் கொஞ்ச நேரம் படிந்தது.

அப்பாடா, என்று டிரையரை அணைத்தான்.

சத்தம் நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினான். அந்த உஸ்ஸென்ற இரைச்சல் அப்படியே இருந்தது. வெளியிலிருந்து வந்தது. பால்கனிப் பக்கம். பிறகு சமையலறைப் பக்கம். பிறகு தலைக்கு மேலே. சூடான பிளாஸ்டிக் வாசனை கதவிடுக்குகளில் நுழைந்தது. மழைச் சத்தம் போன இடம் தெரியவில்லை.

வாசல் கதவை இழுத்தான். அசையவில்லை. பால்கனிக் கதவு. அதுவும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே ஏதோ சுருங்கி, மடிப்பு மடிப்பாக நெளிந்து, இறுகியது. குக்கரைத் தூக்கி அடித்தான். கண்ணாடி உடைந்தது. காற்று வரவில்லை. உடைந்த இடத்தில் தெளிவாக, வழவழப்பாக ஒரு தாள், உள்ளே குழிந்து நின்றது. கத்தியால் குத்தினான். வழுக்கியது.

நிவேதிதாவுக்கு இளைக்க ஆரம்பித்திருந்தது. பஃப்பை வாயில் வைத்து அழுத்தினான். காலி. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஹால் நடுவில் நின்றான். "அப்பா இருக்கேன்டா," என்றான். அவள் வாழ்நாளில் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

போன் அடித்தது. தேவிப்பிரியா.

"கீழ நிக்கறேங்க, நல்ல மழை. குடை எடுத்துக்கினு வாங்க," என்றாள். அவன் கத்தினான். அவளுக்குக் கேட்கவில்லை போலிருந்தது. "ஜன்னல்ல ரெண்டு பேரும் நிக்கறது தெரியுது. எவ்ளோ நேரமா கை ஆட்டறேன். ஏங்க அசையவே மாட்டேங்கறீங்க?"

அவன் ஜன்னலருகே இல்லை. ஹால் நடுவில் நின்றான்.

போன் செத்தது.

அலமாரிக்கு ஓடினான். தான் ஒட்டிய தாளைப் பல்லால் கிழித்தான். பழைய தாளையும் கிழித்தான். பங்களா இருந்தது. ஜன்னல் இருந்தது. அதில் யாரும் இல்லை. விளக்கும் இல்லை.

இரைச்சல் நின்றது.

நிவேதிதா அவன் பிடியிலிருந்து நழுவி, மூச்சுக்காக, ஜன்னலுக்குப் போனாள். உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தாள். அவள் வாய்க்கு நேரே ஒரு சின்ன வட்டம் படிந்தது. மறைந்தது. படிந்தது.

வெளியே திடீரென்று வெள்ளை வெளிச்சம். டியூப்லைட் வெளிச்சம் மாதிரி, ஆனால் வானம் முழுக்க.

காலி பஃப் தரையில் தானாக உருள ஆரம்பித்தது. பெட்டிகள் அலமாரியில் ஒரு பக்கமாகச் சரிந்தன. ஜன்னலுக்கு வெளியே ஏரித் தண்ணீர் ஒரு பக்கமாக உயர்ந்து, சாய்ந்து நின்றது. அந்தச் சாய்வைத் திருமுருகன் அறிவான். விளக்குக்கு நேரே பெட்டியைப் பிடித்து அவனுடைய கையே தினமும் செய்கிற சாய்வு.

வீடு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, மெதுவாக, மறுபக்கம் சாய்ந்தது.