ஒன்பதாவது கடை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் வாசல் பெட்டியில் இரண்டு உணவுப் பொதிகள் வந்து விழுந்தன. லக்ஷிதா அவற்றை எடுத்து வந்து, கிழிக்காமல், மேசை ஓரத்தில் வைத்தாள்.

"இன்னிக்கு இதுக்கு லீவுங்க," என்றாள். "நாளைக்கும் லீவு."

எங்களுக்குத் திருமணமாகி இருபத்து நான்கு ஆண்டுகள். இரண்டு பொதிகளும் கிழிபடாமல் கிடந்த காலை அதற்கு முன் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கோவையில் எந்த வீட்டிலும் அடுப்பு கிடையாது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நிறுத்தினார்கள். தொடர்ந்து மூன்று கோடைகள் வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டிய பிறகு, நகரம் வெளிவிடும் மொத்தச் சூட்டுக்கும் ஓர் உச்சவரம்பு வந்தது. மருத்துவமனைகளுக்கும் ஆலைகளுக்கும் போக மிஞ்சியதைச் சமையலுக்கு விட்டார்கள். அது முந்நூறு அடுப்புகளுக்குத்தான் போதும். வீடுகளுக்குப் பொதி வரும். சத்து இருக்கும், உப்பு இருக்கும், சூடு இருக்காது. சூடாக ஏதாவது சாப்பிட வேண்டுமானால் ஆளுக்கு மாதம் ஒரு வெளியுணவுச் சீட்டு. ஒரு கடை, ஒரு தட்டு. மாதம் பிறந்ததும் அந்த ஒரு தட்டை எங்கே சாப்பிடுவது என்று நானும் லக்ஷிதாவும் ஒரு வாரம் பேசிக்கொண்டிருப்போம்.

அந்த வார இறுதியில் எனக்கு ஒன்பது கடைகள் கிடைத்திருந்தன. என்னைச் சுவை நடுவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

தேர்தல் பணிக்கு அழைப்பதுபோலத்தான். குலுக்கலில் பெயர் வந்தால் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, அடுப்புகளுக்கு உரிமம் தரும் அனல் ஆணையத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்து என் இடது காதுக்குப் பின்னால் சுவைக்கணிப்பியை ஒட்டிவிட்டுப் போனாள். பொட்டைவிடச் சிறிய சென்சார். சாப்பிடும்போது உடம்புக்குள் எழும் இன்பத்தை நரம்பிலிருந்தே படித்து நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாக அனுப்பிவிடும். முன்பு மக்கள் போடும் நட்சத்திரங்களையும் எழுதும் விமர்சனங்களையும் பார்த்து அனல் உரிமம் கொடுத்தார்கள். அவற்றை வாங்குவதும் விற்பதும் ஒரு தொழிலாகவே நடந்தது. நரம்புக்குக் கையூட்டு கொடுக்க முடியாது. ஆகவே கணிப்பி வந்தது. ஒரு கடைக்கு ஐந்து நடுவர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கடைசி முப்பது கடைகள் அடுப்பை அணைக்க வேண்டும். காத்திருக்கும் முப்பது பேர் பற்றவைப்பார்கள்.

விதிகள் அதிகமில்லை. ஒவ்வொரு கடையிலும் மூன்று வாய் மட்டுமே உண்ண வேண்டும். இரண்டு கடைகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம். நடுவர் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. துணைக்கு ஒருவரைக் கட்டாயம் அழைத்துப் போக வேண்டும். தனியாக உண்பவருக்கு எண் குறைவாக வருகிறது என்று ஆய்வில் தெரிந்ததாம். துணைக்கு வருபவர் முழுத் தட்டும் சாப்பிடலாம்.

"என்னையும் ஒரு மெசினாச் சேத்துட்டாங்க பாருங்க," என்று லக்ஷிதா சிரித்தாள். "தின்னுபோட்டு உங்க பக்கத்துல சிரிச்சுட்டு உக்காந்திருந்தாப் போதும்."

கணிப்பி எத்தனை வாய் என்று எண்ணாது. அது நடுவரின் நேர்மைக்கு விடப்பட்டிருந்தது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. நான் குடிநீர் விநியோகத்தில் அளவைச் சான்றாளர். மீட்டர் என்ன காட்டினாலும், நான் கையெழுத்துப் போட்டால்தான் அது அளவு.

முதல் கடை ஆர்.எஸ்.புரத்தில். வெண்ணெய் தடவி வாட்டிய பன், ஃபில்டர் காபி. மூன்று வாய் உண்டு எழுந்தேன். கல்லாவில் இருந்தவர் என் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சாருக்குப் புடிக்கலீங்களா?"

"இல்லீங்க, நல்லா இருக்கு."

வெளியே வந்ததும் லக்ஷிதா சொன்னாள்: "கண்டுபுடிச்சுட்டாருங்க. சூடா இருக்கற பன்ன பாதில வெச்சுட்டு வேற எவன் எந்திரிப்பான் இந்த ஊர்ல?"

அவள் சொன்னது சரிதான். அந்தச் சரியான பேச்சை நான் எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். மூன்றாவது கடை பீளமேட்டில். முட்டை பப்ஸை முழுவதும் சாப்பிட்டேன். அடையாளம் தெரியாமல் இருக்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன். நான்காவதிலும் சொல்லிக்கொண்டேன். ஐந்தாவதில் தேன் கேக். அங்கே சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டாவது கடை ரேஸ்கோர்ஸ் ஓரத்தில் ஒரு பெரிய கஃபே. கண்ணாடிச் சுவர், வெளியே மரங்கள். ரொட்டி அல்வா கொண்டுவந்தார்கள். நெய் இன்னும் ஓரங்களில் கொதித்துக்கொண்டிருந்தது. என் தட்டு எப்போது காலியானது என்று தெரியவில்லை. லக்ஷிதா தன்னுடையதைக் கரண்டி முனையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கைகழுவ எழுந்து போனபோது அவள் தட்டை என் பக்கம் இழுத்தேன்.

திரும்பி வந்து நின்றாள்.

"அது என்னோடதுங்க."

"நீ வெச்சுட்டியேன்னு..."

"வெக்கலீங்க. மெதுவாத் தின்னுட்டு இருந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "இன்னும் ஒரு கடை பாக்கி இருக்குது. வயித்துல எடம் இருக்குதுங்களா?"

"அதெல்லாம் இருக்கு."

ஒன்பதாவது கடை ஒண்டிப்புதூரில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். குறிஞ்சி பேக்கரி. நான்கு மேசைகள், ஓர் அடுப்பு, ஒரே ஆள். ஐம்பது வயதைக் கடந்த பெண். பெயர் தன்யஸ்ரீ என்று சுவரில் மாட்டியிருந்த உரிமத்தில் இருந்தது. முழங்கை வரை சிறு சிறு சூட்டுத் தழும்புகள். அப்போதுதான் வெளியே எடுத்த தட்டிலிருந்து இரண்டு தேங்காய் பன்களை எங்கள் முன் வைத்தார்.

"சித்த ஆறட்டுங்ணா. உள்ள பூரணம் நாக்கச் சுட்டுப்போடும்."

முதல் வாய் கடித்தேன். நல்ல பன் என்று எனக்குத் தெரிந்தது. உடம்புக்கு அது எட்டவில்லை. தொண்டை வரை நெய் நின்றிருந்தது. இரண்டாவது வாயை மென்றுகொண்டே இருந்தேன், இறங்கவில்லை. மூன்றாவதைத் தண்ணீரைக் குடித்துத் தள்ளினேன். கல்லாவுக்குப் பின்னாலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. பக்கத்தில் லக்ஷிதா முழுவதையும் சாப்பிட்டுவிட்டு விரலில் ஒட்டிய பூரணத்தையும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் போனில் உறுதிமொழிப் படிவம் காத்திருந்தது. ஒரே கேள்வி. ஒரு கடையிலேனும் மூன்று வாய்க்கு மேல் உண்டீர்களா? ஆம் என்றால் என் எண்கள் ரத்தாகும். வேறு நடுவர் போவார். தண்டனை எதுவும் இல்லை. அந்த நேரத்தில் அவ்வளவுதான் விஷயம். ஆனால், வெள்ளிக்கிழமை வந்த அந்த இளம்பெண் திரும்ப வந்து என் காதுக்குப் பின்னாலிருந்து கணிப்பியை உரித்தெடுக்கும்போது என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று தோன்றியது. இல்லை என்பதை அழுத்தினேன்.

ஐந்து வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. லக்ஷிதாதான் முதலில் பார்த்தாள். போனை என்னிடம் நீட்டினாள்.

குறிஞ்சி பேக்கரி இருநூற்று எழுபத்தொன்றாவது இடத்தில் இருந்தது. இருநூற்று எழுபது வரைதான் அடுப்பு. கடையின் பெயருக்குக் கீழே ஐந்து நடுவர்களின் எண்களும், பெயர் இல்லாமல்: 81, 79, 84, 80, 22. சராசரி 69.2. எல்லை 69.5. ஐந்தில் எதையும் ஒதுக்கக் கூடாது என்பது சட்டம். ஒதுக்க விட்டால் வசதியுள்ள கடைகள் தங்களுக்குப் பிடிக்காத எண்ணையெல்லாம் ஒதுக்க வைத்துவிடும். இருபத்திரண்டுக்குப் பதில் இருபத்து நான்கு வந்திருந்தால் போதும், அந்த அடுப்பு எரியும்.

பட்டியல் வந்து முப்பது நாள் வரை அடுப்பு எரியலாம்; அதற்குள் நடுவர் தன் உறுதிமொழியைத் திரும்பப் பெறலாம். அந்தக் கடைக்கு மறுகணிப்பு நடக்கும். ஆனால் இப்போது அது பொய்ச் சான்று. பெயர் பொதுப் பட்டியலில் ஏறும். பொய்ச் சான்று கொடுத்தவர் எந்த அளவைக்கும் கையெழுத்திட முடியாது. ஓய்வு பெற எனக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.

இருபத்திரண்டாவது நாள், சனிக்கிழமை, ஒண்டிப்புதூருக்குப் பஸ் ஏறினோம். முதலில் அவரிடம் நேரில் சொல்லிவிட்டு, பிறகு ஆணையத்துக்கு எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். காலைப் பொதி இறங்கவில்லை. வெறும் வயிறு.

"சொல்லீருவீங்கல்ல?" என்றாள் லக்ஷிதா.

"சொல்றதுக்குத்தானே போறேன்."

"வேலை போனாப் போகுதுங்க. பொதி வந்து விழுகுமல்ல, அதத் தின்னுக்கலாம்."

கடையில் வேறு யாரும் இல்லை. மாவு டப்பாக்கள் ஒரு மூலையில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. தன்யஸ்ரீ எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சீட்டுகளை வாங்கிக்கொண்டு இரண்டு தேங்காய் பன்களை வைத்தார். பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்கதான்னு அன்னிக்கே தெரியும்ங்ணா. பயப்படாதீங்க, சண்டைக்கு வரல. உங்களப் பாக்கோணும்னே இருந்தேன், எங்க போய்த் தேடறதுன்னு தெரியல."

"நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான்..."

"இருங்க, நான் கேட்டுர்றேன். தூக்கமில்லீங்ணா மூணு வாரமா." கையை மேசைமேல் வைத்தார். "நாலு பேருத்துக்கு எம்பதாட்ட வந்திருக்குது. உங்களுக்கு மட்டும் இருவத்திரண்டு. மொதல்ல நெனச்சேன், இந்தாளு ஏதோ தப்பு பண்ணிட்டாருன்னு. அப்பறம் ரோசன பண்ணிப் பாத்தேன். மனுசன் பொய் சொல்லலாம், அந்தக் கருவி சொல்லுமாங்? நரம்புல இருக்கறதத்தான சொல்லுது. அந்த நாலு பேரு ஏதோ பசில தின்னுருப்பாங்க. நீங்கதான் கரெக்டாக் கண்டுபுடிச்சிருக்கறீங்க."

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"இருபது வருசமாப் போடறேன் இந்தப் பன்ன. நல்லா இருக்குதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நல்லா இல்லாதத ஒருத்தரும் சொன்னதில்ல. திருப்பூர்ல என்ற தங்கச்சி கடை வெச்சிருக்கறா, இனி அங்க போய்த்தான் நிக்கோணும். அங்கயாவது திருத்திக்கறேன். என்ன குறைன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

என்னிடம் இருந்த வாக்கியம் மிகச் சிறியது. குறை ஒன்றுமில்லை, என் வயிறு நிறைந்திருந்தது. பஸ்ஸில் வரும்போது அதை மனதுக்குள் பல முறை சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். அங்கே மரியாதை இருந்தது. ஒரு மருத்துவர் வாய் திறப்பதற்காகக் காத்திருப்பவரைப் போல இருந்தார்.

"ஏலக்காய்," என்றேன். "கொஞ்சம் தூக்கலா இருந்துச்சுங்க."

லக்ஷிதா என் பக்கம் திரும்பவில்லை. அவள் கை மேசையிலிருந்து மடிக்குப் போனது.

தன்யஸ்ரீ நெற்றியில் தட்டிக்கொண்டார். "அதேதாங்ணா! பாருங்க, எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருகூட ஒருக்கா சொன்னாரு, நான் கேக்கல." உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். "பாப்பா, பூரணத்துல ஏலக்காய நிறுத்திப்போடு. ஆமா, சுத்தமா வேண்டாம். நடுவரே சொல்லீட்டாரு. வெச்சர்றேன்." என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "மனசு லேசாயிருச்சுங்ணா."

பன்னைக் கடித்தேன். பசித்த வாய். தேங்காயும் சர்க்கரையும் இளகி வந்து, அவற்றின் நடுவில் ஏலக்காய் எழுந்தது. அது இல்லாவிட்டால் அந்தப் பன் வெறும் இனிப்பு மாவு என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. காதுக்குப் பின்னால் இப்போது ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அடுத்த வாய்க்குக் கை போனது.

"அண்ணா, புடிக்காட்டி வெச்சுருங்க," என்றார் தன்யஸ்ரீ. "பழைய பூரணம்தான் அது. மரியாதைக்காகத் திங்க வேண்டாம். எனக்கு வருத்தமில்ல."

தட்டைத் தள்ளி வைத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினார். லக்ஷிதா தன் பன்னைத் தொடவே இல்லை. எழுந்து வெளியே போய்விட்டாள். கிளம்பும்போது தன்யஸ்ரீ என் போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் லக்ஷிதா வேறொரு வரிசையில் உட்கார்ந்தாள். உறுதிமொழியைத் திரும்பப் பெற இன்னும் எட்டு நாட்கள் இருந்தன. எட்டு நாளும் வேலைக்குப் போனேன், ஒவ்வொரு தெருவாக அளவு பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாவது நாள் படிவம் தானாக மூடிக்கொண்டது. காலையில் லக்ஷிதா பொதிகளை எடுத்து வருவாள், என்னுடையதை மேசையில் வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

நேற்று மாலை திருப்பூரிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது.

"அண்ணா, தன்யாங்க, குறிஞ்சி பேக்கரி. நல்லாருக்கீங்களா? ஏலக்காய எடுத்ததுலருந்து இங்க பன்னு அவ்வளவாப் போகறதில்லீங்ணா. பழைய ஆளுங்க வந்து என்னமோ கொறையுதுங்கறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், விடுங்க. சர்க்கரை ஜாஸ்தியா, இல்ல தேங்காயா? முன்னாடியெல்லாம் பூரணத்தத் துளி நாக்குல வெச்சாவே எது பத்தல, எது மிஞ்சிருச்சுன்னு சொல்லிப்போடுவேன். இப்ப வாயில வெச்சா எனக்கு ஒண்ணுமே தெரியமாட்டேங்குதுங்ணா. நீங்க ஒருக்கா வந்து தின்னு பாத்துச் சொல்லுங்க."

லக்ஷிதா அடுத்த அறையில் இருந்தாள். ஒலியைக் குறைத்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, இன்னொரு முறை கேட்டேன்.