பேனாவைக் கீழே வைக்காதவர்கள்

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அவள் ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்து, கைப்பை, கைபேசி, தண்ணீர் பாட்டில் மூன்றையும் சாவி அண்ணனின் மேசைமேல் வைத்தாள். இடுப்பில் சாவிக்கொத்து இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நிஜப் பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

"நாலு மணிக்கு நான் ஸ்கூல் வாசல்ல நிக்கணும்ணே. மூணரைக்குத் திறந்து விட்டுடுங்க."

"மூணு இருபத்தஞ்சுக்கே திறக்கறேன். நீ பாட்டுக்கு உள்ளேயே உக்காந்துடாதே. உன்னை நம்ப முடியாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. மகள் அப்பாவோடு இருக்கிறாள். வெள்ளி நான்கு மணியிலிருந்து ஞாயிறு மாலைவரை மட்டும் இவளுக்கு. நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் இவள் இல்லையென்றால் குழந்தையின் அத்தை கூட்டிக்கொண்டு போய்விடுவாள். இரண்டு வெள்ளிக்கிழமைகள் அப்படிப் போய்விட்டன. மூன்றாவதும் போனால் இந்த ஏற்பாடே கிடையாது என்று பிரிந்துபோன கணவன் எழுதியே வாங்கியிருந்தான்.

முதல் தடவை பேருந்து தாமதமாக வந்து காலை வாரிவிட்டது. இரண்டாவது தடவை காரணம் அவள்தான். மேலதிகாரி பேசிக்கொண்டிருந்தார், அவளால் எழுந்திருக்க முடியவில்லை. சிறு வயதில், அவளுடைய அப்பா பேச ஆரம்பித்தால் முடிக்கும்வரை மகள்கள் யாரும் சாப்பாட்டுத் தட்டைவிட்டு எழக்கூடாது. எச்சில் கை காய்ந்து விறைத்துப் போகும். இருபது வருடக் கல்யாண வாழ்க்கையிலும், இன்று இந்த வேலையிலும் அவள் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறாள். யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிற மிகக் கடுமையான வார்த்தையே 'அப்புறம் பார்க்கலாம்' என்பதுதான்.

சாவி அண்ணன் கதவை வெளியே பூட்டினார். அரிய ஆவணங்கள் மேசையில் இருக்கும்வரை கதவு பூட்டியே இருக்க வேண்டும் என்பது விதி. ஏதாவது வேண்டுமென்றால் சுவரில் ஒரு தொலைபேசி உண்டு.

அந்த அறை ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரியின் வகுப்பறை. பெஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். அவை நின்ற படிக்கட்டு மாதிரியான தரை மட்டும் அரைவட்டமாக மேலேறிப் போகிறது. கீழே, ஆசிரியர் நின்ற இடத்தில், அவளுடைய மேசை. பழைய கையெழுத்தை இயந்திரத்தால் படிக்க முடியாது. அதனால் அவள் ஒவ்வொரு நோட்டையும் சத்தமாக வாசிப்பாள், ஒலிப்பதிவுக் கருவி பிடித்துக்கொள்ளும், தட்டச்சுப் பிரிவு எழுத்தாக்கும்.

மொத்தம் முப்பத்தொரு நோட்டுகள். ஒரே நாளின் ஒரே பாடம். ஆள் இறந்துவிட்டதை எந்தெந்த அடையாளங்களால் உறுதி செய்வது என்பது பாடம். பாடத்தின் நடுவில் இதே அறையின் பழைய கூரை இடிந்து விழுந்தது. ஆசிரியரும் முப்பத்தொரு மாணவர்களும் அதன் அடியில் போனார்கள். இடிபாட்டிலிருந்து தோண்டியெடுத்த நோட்டுகளில் இன்னும் சுண்ணாம்புத் தூள் இருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் ஈரச் சுவரின் வாடை மூக்கில் ஏறும்.

ஆறு வாரத்தில் முப்பதை முடித்திருந்தாள். இன்று கடைசி நோட்டு.

மற்ற மாணவர்களைப் போல இதை எழுதியவனும் ஓரங்களில் கிறுக்கியிருந்தான். 'முன்வரிசைக் குண்டன் தூங்குகிறான், குறட்டை வேறு.' அடுத்த பக்கத்தில்: 'பசி.' அதற்கடுத்து, கோணலாக: 'அவர் போதும் என்று சொல்லும்வரை யாரும் பேனாவைக் கீழே வைக்கக்கூடாதாம். என்ன மனிதர்! விரல் மரத்துவிட்டது.'

அவள் சிரித்துக்கொண்டே வாசித்தாள். "நாடியைக் குறைந்தது ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடியை மூக்கருகே பிடிக்க வேண்டும். அதில் ஆவி படியாவிட்டால்…"

தொண்டை வறண்டது. நிறுத்தினாள்.

அவள் நிறுத்திய பிறகும் ஏதோ ஒன்று ஒரு கணம் தொடர்ந்தது. காகிதத்தில் நிப்பு கீறும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

எலியாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி வாசித்தாள். ஒரு வரி. நிறுத்தினாள்.

கீற், கீற், கீற்.

அமைதி.

பதிவைப் பின்னால் ஓட்டிக் கேட்டாள். தன் குரலுக்குள், ஒவ்வொரு சொல்லுக்கும் அரை வினாடி பின்னால், அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் எழுதுகிற சத்தமாக இல்லை அது. சென்ற வாரப் பதிவைப் போட்டாள். அதிலும் இருந்தது. முதல் வாரத்துப் பதிவிலும் இருந்தது, மிக மெல்லியதாக, தூரத்தில். ஆறு வாரமாக அது ஒவ்வொரு படியாக இறங்கிக் கிட்டே வந்திருக்கிறது.

மணி மூன்று இருபத்தைந்து.

சொன்னபடி வெளியே சாவி திரும்பியது. அந்தச் சத்தம் அவளுக்கு அமிர்தமாக இருந்தது. ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

கதவு அசையவில்லை.

"இழும்மா! பூட்டைத் திறந்துட்டேன்."

"இழுக்கறேன்ணே. வரலை."

அவர் வெளியிலிருந்து தோளால் மோதினார். கதவு ஒரு விரல் அளவு உள்ளே வந்தது. வந்த அளவுக்கு, மெதுவாக, பொறுமையாக, திரும்பிப் போய் மூடிக்கொண்டது.

 பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"உள்ள உன்கூட எத்தனை பேரும்மா இருக்காங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். படிகள் காலியாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு படியிலும் தூசி சில இடங்களில் மட்டும் அமுங்கியிருந்தது, ஆட்கள் நெருக்கி உட்கார்ந்தது போல.

"நான் போய் நாலு ஆளைக் கூட்டிட்டு வரேன். பயப்படாதே," என்று சொல்லிவிட்டு அவர் ஓடும் சத்தம் கேட்டது. நாலு ஆள் வருவதற்குள் நான்கு மணி ஆகிவிடும். மூன்றே முக்கால் பேருந்தை விட்டால் அடுத்தது நாலேகாலுக்கு.

அவள் மேசைக்குத் திரும்பினாள். நோட்டில் மூன்று வரிதான் மிச்சம். வாசித்துத் தொலைப்போம், விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. 'விடுவார்கள்' என்று தான் நினைத்ததைப் பிறகுதான் கவனித்தாள்.

வாசித்தாள். குரல் நடுங்கியது. நடுங்கிய இடத்தில் நிப்புகளும் தடுமாறின.

"உடல் குளிர்ந்திருக்கலாம். கண் நிலைத்திருக்கலாம். ஆனால் இத்தனை அடையாளங்கள் தெரிந்தாலும் ஒருவர் இன்னும்…"

முப்பத்தொரு நோட்டும் அந்தச் சொல்லோடுதான் நிற்கின்றன. அதற்குப் பிறகு வெற்றுத் தாள்.

நிப்புகள் நின்றன.

அவள் புறங்கையில் மேலேயிருந்து கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

"போதும்," என்றாள். யாரும் அசைந்ததாகத் தெரியவில்லை. பாதி வாக்கியத்தில் போதும் என்றால் யார்தான் நம்புவார்கள்?

மூன்று முப்பத்தெட்டு.

அப்போதுதான் அவளுக்கு அது புரிந்தது. இவர்கள் தன்னைப் பிடித்து வைக்கவில்லை. எழுந்து போக இவர்களுக்குத்தான் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. மேலே கூரை விழுந்தும் எழவில்லை. எச்சில் கை காய்ந்து விறைக்க, தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தச் சிறுமியை அவள் முப்பத்தொரு மடங்காகப் பார்த்தாள். பயத்தைவிடப் பெரிதாக நெஞ்சில் ஒன்று கனத்தது.

வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று அவளுக்குத் தெரியும். ஒருவர் இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்து ஏமாறக் கூடாது. இறந்தவர் இறந்தவர்தான். பாடம் முடிந்தது, எல்லோரும் போகலாம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்தாள். மூன்றாம் படியில் ஒருவன் மூக்கை உறிஞ்சினான். சளி பிடித்த, சின்ன வயதுப் பையனின் உறிஞ்சல்.

அவள் உறுதி அங்கேயே உடைந்தது.

"…உயிரோடு இருக்கக்கூடும்," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழகிய வாய், தானாகவே சேர்த்துக்கொண்டது: "மீதியை அப்புறம் பார்க்கலாம்."

நிப்புகள் அவசரமாக ஓடின. கடைசிச் சொல்வரை ஓடின.

பிறகு, டக்.

டக். டக். டக். மரத்தில் பேனாவை வைக்கும் சத்தம், மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைவரை. அவள் எண்ணினாள். முப்பத்தொன்று.

கதவு தானாகத் திறந்துகொண்டது.

அவள் ஓடினாள். நகரத் தொடங்கிய பேருந்தின் கம்பியைப் பிடித்து ஏறினாள். பள்ளி வாசலுக்குப் போனபோது மணி நான்கு அடிக்க ஒரு நிமிடம் இருந்தது. அத்தை குழந்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள்.

"பரவாயில்லையே, இந்த வாரம் மகாராணிக்கு வழி தெரிஞ்சுதா?"

அவள் அத்தையின் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். மகளின் கை உள்ளங்கைக்குள் வந்ததும்தான் மூச்சு வந்தது.

திரும்பும் பேருந்தில் கூட்டமே இல்லை. கடைசிக்கு முந்தின இருக்கையில் உட்கார்ந்தார்கள். வெயில் மடியில் விழுந்தது. திங்கட்கிழமை போய் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏம்மா தலையெல்லாம் வெள்ளையா இருக்கு?"

"ஆபீஸ் தூசிடா கண்ணு." தட்டிவிட்டாள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி யானைக் கதையைப் பாதியில விட்டே. அப்புறம் சொல்றேன்னு சொன்னியே."

"சொல்றேனே." மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். "அந்த யானை ஆத்தைத் தாண்டிப் போச்சா… அந்தக் கரையில ஒரு பெரிய வீடு. கதவு திறந்தே இருந்துச்சு…"

மகள் கதை கேட்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்னிருக்கையைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"அம்மா, யாரும்மா எழுதறாங்க?"

பின்னிருக்கை காலியாக இருந்தது. ஜன்னலோர வெயிலில் வெண்தூள் மிதந்தது.

அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அதற்கு அரை வினாடி பின்னால் ஏதோ ஒன்று ஓய்ந்தது.

மகள் காதைத் தீட்டிக் கேட்டாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"நிறுத்திட்டாங்க. நீ மேல சொல்லும்மா, அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."