தாழாத இமைகள்

நேற்று ஃப்ளோரிஸ் மூடியதாகத் தீட்டிய கண்கள் இன்றும் கீற்றாகத் திறந்திருந்தன.

படத்தில் இருப்பவள் அவன் தங்கை கோதலீவ். கன்னத்தில் கைவைத்து, இமை தாழ்த்தி, தனக்குள் எதையோ கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணாக அவளைத் தீட்டிவிட்டால், இரண்டு முறை அவன் படத்தைத் திருப்பி அனுப்பிய பிரஸ்ஸல்ஸ் கண்காட்சிக்காரர்கள் இந்த முறையாவது வாயடைத்துப் போவார்கள். படத்தை ஏற்றிப்போக நாளை வண்டி வருகிறது. இந்தப் பாழாய்ப்போன இமைகளோ, சுரண்டிச் சுரண்டித் தீட்டினாலும் மறுநாள் விலகி நின்றன.

"என் கழுத்தே போச்சுண்ணா. கண்ணைத் திறந்தமாதிரியே வரைஞ்சு தொலையேன்!"

"திறந்தா நீ சந்தையில மீன் விக்கிறவ மாதிரி இருப்ப. பேசாம உக்காரு."

"அவளாவது வெளிய போறா. நாளைக்கு வண்டி போனதும் நானும் ஓஸ்டெண்ட் கிளம்பிடுவேன். கடலைப் பார்க்கணும். குளிர்காலம் முழுக்க உன் தரையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

கோபமாக எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

ஆளி எண்ணெய் வாடையும் கரியடுப்புப் புகையும் மண்டிய அறையில், கால்வாயிலிருந்து ஏறிய ஈரம் சன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருக்க, பீளை கட்டிய கண் காலையில் பிரியும்போது கேட்பதுபோல ஒரு மெல்லிய பிசுபிசுப்புச் சத்தம் ஓவியத் துணியிலிருந்து வந்தது. அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

முட்டையை உடைத்தான். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்தான். கண்காட்சிக்கு அவசரப்படும் ஓவியர்கள் மெருகுக்காக மெல்லிசாக ஒரு பூச்சு கொடுப்பார்கள், அதுவும் விரலில் ஒட்டாத அளவு சாயம் காய்ந்த பிறகு. இவன் ஈர இமைகளை விரலால் அழுத்திச் சேர்த்து, அவற்றின்மேலேயே அப்பினான். இன்னொரு பூச்சு. இன்னொன்று.

சத்தம் நின்றது. இமைகள் தாழ்ந்தே இருந்தன. எத்தனை அழகு! வாய்விட்டுச் சிரித்தான்.

"அண்ணா."

"என்ன?"

"விளக்கை ஏத்தேன். ஒண்ணுமே தெரியல."

நடுப்பகல்.

ஓடினான். சன்னலோரம், வெயிலில், கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். இமைகள் தாழ்ந்திருந்தன. பளபளத்தன. இமைமயிர் ஒவ்வொன்றும் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. வெள்ளைக்கரு வாடை.

"ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு?"

இமைகளுக்கு அடியில் இரண்டு விழிகளும் இடமும் வலமுமாக வழி தேடி ஓடிக்கொண்டிருந்தன.