கேட்டில் கட்டிய சிவப்புத் துணி

அந்தத் தெருவில் சிவப்புத் துணி என்றால் ‘உஷ்!’ என்று அர்த்தம்.

நெய்வேலியில் அப்பாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போக மாட்டார்கள். சுரங்கம் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதிய ஷிப்ட், அதற்கடுத்த வாரம் நைட் ஷிப்ட். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் அப்பா பகலில்தானே தூங்க வேண்டும்? அதனால் அந்தத் தெரு அம்மாக்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் தூங்கப் போனதும் கேட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். அதைப் பார்த்தால் பிள்ளைகள் வேறு பக்கம் போய் விளையாடுவார்கள். கூவி விற்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு அந்த வீட்டைத் தாண்டிப் போவார்கள்.

அந்தத் துணியைத்தான் எப்சிபா அவிழ்த்துவிட்டாள்.

அவள் வீட்டுத் துணியை அல்ல. எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த புஷ்பவல்லியின் வீட்டுத் துணியை.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். எப்சிபாவின் முறை வந்தபோது அவளுடைய அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“எங்கப்பா கூப்பிடுதாவ. அவிய டீ குடிச்சிட்டு வெளிய போவணுமாம். நான் போயிட்டு வந்து ஆடுதேன்” என்றாள் எப்சிபா.

புஷ்பவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். “இன்னாது? அவியவா? அவியலா? அவியல்ல முருங்கைக்காய் போட்டாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பையன் “ஏ அவியல்!” என்று கத்தினான். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகும் “அவியல், அவியல்” என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

எப்சிபாவுக்குப் பத்து வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவளைக் கேலி செய்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ‘அவர்’ என்பதை அவள் அப்பாவும் அம்மாவும் ‘அவிய’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் மூன்று பேரையும் நடுத்தெருவில் நிற்க வைத்துச் சிரித்தது போல இருந்தது அவளுக்கு.

அதனால்தான் சனிக்கிழமை காலையில், தெருவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, எதிர் வீட்டு கேட்டிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். சுருட்டிப் பாவாடைக்குள் மறைத்து எடுத்து வந்தாள். ஜன்னல் திட்டில் ஒரு பால் பவுடர் டின் இருந்தது. அதில் மண் நிரப்பி அவரை விதை ஒன்றை ஊன்றியிருந்தாள். சர்ச்சில் நடக்கும் ஞாயிறு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு விதை கொடுத்திருந்தார்கள். மற்ற எல்லோருடைய விதையும் முளைத்துவிட்டது. அவளுடையது மட்டும் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த டின்னுக்குப் பின்னால் துணியைத் திணித்து வைத்தாள்.

அவ்வளவுதான். வேலை முடிந்தது. மனசு ‘ஜில்’ என்று இருந்தது.

பத்து நிமிடம்தான்.

காடாம்புலியூரிலிருந்து பலாப்பழக் கூடையைச் சுமந்துகொண்டு வீரம்மாள் வந்தாள். கோடை விடுமுறையில் பிள்ளைகளெல்லாம் வீட்டிலேயே இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். எதிர் வீட்டு கேட்டைப் பார்த்தாள். துணி இல்லை. கூடையை அங்கேயே இறக்கினாள்.

“பலாச்சுளேய்! தேனு மாதிரி பலாச்சுளேய்!”

அதைக் கேட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர்கள் பின்னால் நாய் ஒன்று குரைத்துக்கொண்டு வந்தது. ஒருவன் சைக்கிள் டயரைத் தட்டிக்கொண்டே வந்தான்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. புஷ்பவல்லியின் அப்பா பன்னீர்செல்வம் வெளியே வந்தார். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய மனைவி அம்சவல்லி ஓடி வந்தாள். “ஐயோ, துணிய கட்டினேனே! காத்துல பறந்துக்கினு போயிடுச்சா?”

எப்சிபாவின் அம்மா கேட்டருகே போய் நின்றாள். “என்ன அம்சா, அண்ணன் எந்திச்சிட்டாவளா?”

“என்னத்த சொல்றதுக்கா! நேத்து பகல்ல ஒரு சாவுக்குப் போயிட்டு வந்தாரு. நேத்தும் தூக்கமில்ல. இன்னிக்கும் இப்படி எழுந்துக்கினாரு. ராத்திரி பூரா பெல்ட்டாண்ட நிக்கணும். தூங்காத கண்ண வெச்சிக்கினு எப்படிக்கா நிப்பாரு?”

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று எப்சிபா எல்லாவற்றையும் கேட்டாள். பெல்ட் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அப்பா சொல்லியிருக்கிறார். தெருவைவிட அகலமான ரப்பர் பட்டை. நிலக்கரியைச் சுமந்துகொண்டு நிற்காமல் ஓடும். அதன் பக்கத்தில் நிற்கிறவர்கள் கண்ணைச் சிமிட்டக்கூட யோசிக்க வேண்டும் என்பார்.

அவள் டின்னைப் பார்த்தாள். ‘மண்ணுக்குள் எதைப் போடுகிறோமோ அதுதான் வெளியே வரும். நாம் செய்வதும் அப்படித்தான்’ என்று ஞாயிறு பள்ளியில் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் கவனமெல்லாம் விதையில்தான் இருந்தது. இப்போது அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்றன.

நான் இன்றைக்கு என்ன போட்டேன்? அதிலிருந்து என்ன வரும்? யாருக்கு வரும்?

புஷ்பவல்லியை அழவைக்கத்தான் அவள் நினைத்தாள். பன்னீர்செல்வம் மாமாவை அவள் நினைக்கவே இல்லை.

பதினோரு மணிக்கு அவர் மறுபடியும் உள்ளே போய்ப் படுத்தார். எப்சிபா டின்னுக்குப் பின்னாலிருந்து துணியை உருவினாள். யாராவது பார்த்துவிடுவார்களே என்று பயமாக இருந்தது. ஆனால் பயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அடுத்த ஆள் கூவிக்கொண்டு வந்துவிடுவான். தெருவைக் கடந்து போய் கேட்டில் துணியைக் கட்ட ஆரம்பித்தாள்.

“நீதானா?”

கேட்டுக்கு அந்தப் பக்கம் புஷ்பவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

எப்சிபா முடிச்சை இறுக்கினாள். “நான்தான் அவுத்தேன்” என்றாள்.

“எங்கப்பாகிட்ட சொல்றேன் இரு!”

“சொல்லு. ஆனா இப்பச் சொல்லாத. அவிய எந்திச்சப்புறம் சொல்லு.”

திறந்த வாயைப் புஷ்பவல்லி மூடிக்கொண்டாள். ‘அவிய’ என்று கேட்டும் அவள் சிரிக்கவில்லை. திரும்பி உள்ளே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

துணியைக் கட்டியாயிற்று. ஆனால் எப்சிபாவால் வீட்டுக்குப் போக முடியவில்லை. போன தூக்கத்தைத் திருப்பிக் கொடுப்பது எப்படி? மிச்சமிருக்கிற தூக்கத்தையாவது காப்பாற்றலாம். தெருமுனைக்குப் போய் வேப்பமரத்தடியில் நின்றாள்.

முதலில் டயர் பையன் வந்தான். “தண்ணி டேங்க் பக்கத்துல நல்ல சரிவு இருக்கு. டயர் தானா ஓடும். நீ பின்னால ஓடினா போதும்” என்றாள். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு அங்கே போனான்.

அடுத்து ஐஸ் வண்டி சின்னதுரை வந்தார். ஹாரனை அழுத்தக் கையைத் தூக்கினார்.

“மாமா, அடிக்காதீங்க! தெருவுல ஆள் தூங்குதாவ.”

“ஹாரன் அடிக்கலன்னா ஐஸ் வந்தது யாருக்குத் தெரியும்? உருகிப்போனா நீ குடிக்கிறியா?”

“நீங்க இங்கயே நில்லுங்க. நான் வீடு வீடா போய்ச் சொல்லுதேன்.”

எதிர் வீட்டைத் தவிர மற்ற இருபது வீட்டுக் கதவையும் அவள் விரல் நுனியால் தட்டினாள். “ஐஸ் வந்திருக்கு, முனையில” என்று காதோடு காதாகச் சொன்னாள். ஏதோ ரகசியம் போலிருந்ததால் வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள்.

சின்னதுரைக்கு ஒரே ஆச்சரியம். “நாளையிலிருந்து நீயே என் ஹாரனா இருந்துடேன்” என்றார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா இரண்டு தடவை வந்து “ஏட்டி, சாப்பிட வாயேன்” என்று கூப்பிட்டாள். “பசிக்கலம்மா” என்றாள். பொய்தான். நன்றாகவே பசித்தது. நான்கரை மணி வரை அங்கேயே நின்றாள்.

அன்று சாயங்காலம் பன்னீர்செல்வம் சாப்பாட்டுத் தூக்கோடு ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது எப்சிபா கேட்டருகே நின்று அவர் கண்ணைப் பார்த்தாள். சிவப்பு குறைந்திருந்தது. ஆனாலும் பெல்ட்டை நினைத்தபோது அவளுக்குப் பயம் போகவில்லை. படுக்கும்போது செய்யும் ஜெபத்தில் தன் அப்பா அம்மாவுக்கு முன்னால் அவர் பெயரைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குப் போகத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது ஷிப்ட் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பாதிப் பின்னலோடு வெளியே ஓடினாள்.

பன்னீர்செல்வம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். சட்டையெல்லாம் கரித்தூள். தூக்கை ஆட்டிக்கொண்டே வந்தவர் அவளைப் பார்த்ததும், “என்ன பாப்பா, தலைய பாதியோட வுட்டுட்ட?” என்று கேட்டு ஒரு பெரிய கொட்டாவி விட்டார்.

அந்தக் கொட்டாவியைப் பார்த்ததும் எப்சிபாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. 

உள்ளே திரும்பி வந்தபோது டின்னில் மண் லேசாக வெடித்திருந்தது. கூன் விழுந்த வெள்ளைத் தண்டு ஒன்று தலையைத் தூக்கப் பார்த்தது. எத்தனை நாள் காத்திருந்தாள்! ஆனால் சந்தோஷத்தோடு சேர்ந்து சின்னப் பயமும் எட்டிப் பார்த்தது. மண் எதையும் மறக்கவில்லை. புஷ்பவல்லியும் மறந்திருக்க மாட்டாள். நாளை முதல் எப்சிபாவின் அப்பாவுக்கு நைட் ஷிப்ட்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா வேலையிலிருந்து வந்து, குளித்து, கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார். எப்சிபாவின் அப்பா ஞானமுத்துவுக்குப் பல்லி கத்தினாலும் விழிப்பு வந்துவிடும். அதனால் அன்றைக்கு எப்சிபாவே சிவப்புத் துணியை எடுத்துப் போய் கேட்டில் மூன்று முடிச்சுப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

கேட்டில் துணி இல்லை.

காற்றில் போயிருக்காது. மூன்று முடிச்சு. எதிர் வீட்டு வாசலிலும் யாரும் இல்லை.

அவளுக்குக் கோபம் வரவில்லை. ‘முளைத்துவிட்டது’ என்று மட்டும் நினைத்தாள். தான் போட்டதுதானே? தனக்கு வருவதில் தப்பில்லை. ஆனால் அப்பா என்ன செய்தார்? உள்ளே கட்டிலில் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். இப்போது வீரம்மாள் வருவாள். ஒரே ஒரு “பலாச்சுளேய்” போதும்.

எப்சிபா காத்திருந்தாள்.

வீரம்மாள் வரவில்லை. டயர் சத்தம் வரவில்லை. நாய்கூட வரவில்லை. தூரத்தில் சுரங்கத்தின் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் மட்டும் லேசாகக் கேட்டது. விடுமுறை நாளில் இந்தத் தெரு இப்படி இருந்து அவள் பார்த்ததே இல்லை.

மெதுவாக நடந்து தெருமுனைக்குப் போனாள்.

வேப்பமரத்தடியில் புஷ்பவல்லி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு நீளக் குச்சி. குச்சி நுனியில் எப்சிபா வீட்டுச் சிவப்புத் துணி. ரயில்வே கேட்காரர் மாதிரி அதைக் குறுக்கே நீட்டி வீரம்மாளை மறித்திருந்தாள். டயர் பையன் நாயின் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

“வியாபாரம் பண்ண வுடுவியா மாட்டியா?” என்று வீரம்மாள் ரகசியக் குரலில் கேட்டாள். அவளுக்குக்கூட ரகசியக் குரல் இருந்தது!

“நீ இங்கியே குந்து ஆயா. வாங்கறவங்கள நான் இட்டாறேன்” என்றாள் புஷ்பவல்லி.

அப்போதுதான் எப்சிபாவைப் பார்த்தாள்.

“துணி உங்க வூட்டுதுதான்” என்றாள் அவசரமாக. “கேட்ல கட்டினா கிட்ட வந்தாத்தான் தெரியுது. அதுக்குள்ள கத்திடறாங்க. அதான் இங்க எடுத்தாந்தேன்.”

எப்சிபா துணியைத் தொட்டுப் பார்த்தாள். “சொல்லிட்டு எடுக்கக் கூடாதாட்டி? நான் பயந்தே போனேன்” என்றாள்.

“நீ மட்டும் சொல்லிட்டா எடுத்த?”

இரண்டு பேரும் ஒரு நொடி முறைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சத்தம் வரக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

“உங்கப்பாட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டாள் எப்சிபா.

“எழுந்தப்புறம் சொல்லுன்னு நீதானே சொன்ன? எழுந்தாரு. ‘அப்பாடா, நல்லா தூங்கினேன்’னு சிரிச்சாரு. அப்புறம் எங்க சொல்றது?” புஷ்பவல்லி குச்சியால் மண்ணைக் கிளறினாள். “நீ அன்னிக்கு வெயில்ல நின்னுக்கினு இருந்ததை ஜன்னல்ல பார்த்துக்கினே இருந்தேன். சாப்பிடக்கூடப் போகல நீ.”

பிறகு அவளே, “இனிமே அவியல்னு சொல்ல மாட்டேன்” என்றாள்.

“சொல்லு, பரவால்ல. நானும் ‘வந்துக்கினு, போயிக்கினு’ன்னு சொல்லுவேன்.”

“ம்… அப்ப சரி.”

வீரம்மாள் கூடையிலிருந்து இரண்டு சுளைகளை எடுத்து நீட்டினாள். “இந்தாங்க. வாயில போட்டுக்கினு பேசாம இருங்க. சத்தம் போடக் கூடாதுன்னுட்டு நீங்களே சிரிக்கிறீங்களே!”

அந்தச் சமயம் எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. ‘கொர்ர்ர்… புஸ்ஸ்… கொர்ர்ர்…’

டயர் பையன் நாயை முறைத்தான். நாய் தன்மேல் குற்றம் இல்லை என்பது போல முழித்தது.

“அது எங்கப்பா!” என்றாள் எப்சிபா.

பல்லி கத்தினாலே விழித்துக்கொள்ளும் அப்பா, தெருமுனை வரைக்கும் கேட்கக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் அப்போது கேட்ட ஒரே சத்தம் அதுதான். எப்சிபா பலாச்சுளையை வாயில் போட்டு, கண்ணை மூடி, அதைக் கேட்டுக்கொண்டே மெல்ல ஆரம்பித்தாள். இரண்டுமே தித்தித்தன.