மூச்சுக்கல் மண்டபம்

திமிங்கலக் கூடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தவர்கள் யாரும் லேசில் தலையை இறக்குவதில்லை. ஜெசிந்தா மட்டும் தூணின் அடியில் குத்துக்காலிட்டிருந்தாள். கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளர் அவள். போன வாரம் அவள் குறித்துவைத்த விரிசல் வழுவழுவென்று மூடியிருந்தது. அடுத்த தூணில் அதே நீளத்தில் புதிதாக ஒன்று.

தூத்துக்குடியின் இந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை யாரும் கட்டவில்லை, அது வளர்ந்தது. பவளப்பூச்சியிலிருந்து உருவாக்கிய நுண்ணுயிர்கள், மனிதர் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைத் தின்று மூச்சுக்கல்லாக அடுக்கின. ஊரில் பள்ளிக்கூடம், சந்தை எல்லாமே இப்போது மூச்சுக்கல்தான். ஆள் நடமாட்டம் இருந்தால் போதும், சுவர் உயரும்.

"இந்த வளைவெல்லாம் யார் சார் வரைஞ்சது?" என்று கேட்டாள்.

"வரைபடத்துல ஒரு நீளக் கூடம்தான் இருந்துச்சு மேடம். மத்ததெல்லாம் அதுவா வந்தது" என்றார் காப்பாட்சியர் சங்கரபாண்டியன்.

அவளுக்குச் சந்தேகம் வலுத்தது. எல்லாக் கூடங்களையும் அளந்தாள். ஜனங்கள் நிற்காமல் கடந்துபோன இடங்களில் சுவர் விரற்கனம்தான். வாய்பிளந்து நின்ற இடங்களில் தூண்கள் ஆலமரம் போலப் பருத்திருந்தன.

"இது நம்மள நிறுத்திவைக்கப் பழகியிருக்கு சார். நின்னாத்தானே அதுக்கு மூச்சு கிடைக்கும். எதைப் பாத்து நிக்கோமோ, அதையே வளக்குது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?"

"நானும் சோதிக்க வந்தவன்தான் மேடம். அழகெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்ல. பதினோரு வருஷம் முன்னால, வடக்குச் சுவர் சாயுதுன்னு வந்தேன். மறுவாரம் அது நிமிந்து, கிழக்குச் சுவர் சாஞ்சுது. கண்டுபிடிக்காம விடக்கூடாதுன்னு இங்கயே வேலைக்குச் சேந்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு சுவரும் விழல."

ஜெசிந்தா தன் குறிப்பேட்டிலிருந்த விரிசல் அளவுகளை ஒருமுறை பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். மண்டபத்தை மூடச் சொல்லி இன்றே எழுதிவிடுவது, இனி இங்கே கால் வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

வாசலைத் தாண்டும்போது தலைக்கு மேலே 'டிக்' என்றது. நிலைக்கல்லின் குறுக்கே ஒரு கோடு ஓடியது.

தூண்டிலாக இருக்கலாம். நிஜமாகவும் இருக்கலாம். உள்ளே நானூறு பேர் இருந்தார்கள்.

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மூச்சை அடக்கிக்கொண்டு அளவுகோலை வைத்தாள். மூன்றாவது அளவெடுப்பதற்குள் நெஞ்சு முட்டியது. வேறு வழியில்லாமல், கல்லுக்கு வெகு அருகில், நீளமாக மூச்சை விட்டாள்.